முன்னோரிடம் மருந்தாளர் என்று சொல்லப்பட்டவள்

என் அக்கா வீட்டுக்காரரின் சவப்பெட்டி மேல் அவருடைய மகளின் துக்கத் தலைத்துண்டை நான்தான் வைத்தேன். அவள் தலையில் கட்டியிருக்க வேண்டிய வெள்ளைத் துணி அது. அடக்கத்துக்குப் பிள்ளை வராவிட்டால் அதன் துண்டைப் பெட்டி மேல் விரித்து வைப்பது எங்கள் வழக்கம். இந்த வீட்டில் ஒரு பிள்ளை வரவில்லை என்று அந்தத் துணி சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டே போகும். லாரிக்காரன்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு எட்டிப் பார்த்தான். காற்றில் துணி பறந்துவிடாமல் ஓரத்தில் கல் வைக்கச் சொன்னார்கள். அதையும் நான்தான் வைத்தேன். அன்றைக்கு நெஞ்சில் ஏறிய கசப்பை இன்னும் முழுசாக இறக்கி வைக்கவில்லை.

நான் பாங். ஹனோய்க்குப் போகும் முதலாம் எண் நெடுஞ்சாலையோரம் லாரி டயர் ஒட்டுகிறவன். பள்ளிக்கூடம் எனக்கும் பிடிக்கவில்லை, அதற்கு என்னையும் பிடிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு இருவரும் பிரிந்துவிட்டோம். எழுதுவது எனக்கு வேலை இல்லை. ஆனாலும் தோவாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதில் பாதிக் கதை என் வாயிலிருந்தே கிளம்பியது. மிச்சத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்.

தோவா என் அக்கா லாயின் ஒரே மகள். சின்னதில் என் கொட்டகையே கதி என்று கிடப்பாள். டியூப் ஒட்டும் பசை டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "இது ஏன் மாமா ஒட்டுது?" என்பாள்.

"ஒட்டணும்னு ஒட்டுது. தள்ளிப் போடி."

"தண்ணி ஏன் ஒட்டல?"

"உங்க அப்பாகிட்டக் கேளு, மைக்குல சொல்லுவாரு."

அவள் அப்பா கியெம் எங்கள் ஊராட்சி ஒலிபெருக்கியில் காலையும் மாலையும் அறிவிப்பு வாசிப்பவர். உர விலை, தடுப்பூசி நாள், புயல் எச்சரிக்கை, மின்தடை எல்லாம் அவர் குரலில்தான் எங்கள் காதில் விழும். அவர் வாசித்தால் புயல்கூட நேரத்துக்கு வரும் என்று கிண்டல் செய்வோம். அப்படிப்பட்டவருக்குத் தன் வாயிலிருந்து வந்த சொல் பொய்யாகிவிடக் கூடாது. அதுதான் அவருடைய ஒரே பெருமை, ஒரே நோயும்கூட.

தோவா வேதியியலில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்தாள். அப்போதே எனக்குப் பயம் தட்டியது. எங்கள் பக்கத்தில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் இரண்டே வழி. ஒன்று, வின் நகரத்தில் படித்துவிட்டு, பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டுத் தையல் ஆலையில் போய் உட்காருவது. கியெமின் அண்ணன் மகள் அப்படித்தான் கால்சட்டைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொன்று, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவது. எங்கள் தெருவில் ஓடு பதித்த மாடி வீடுகள் எல்லாம் தைவானிலும் கொரியாவிலும் முளைத்தவை. வீட்டுக்காரன் எங்கேயோ இயந்திரத்தோடு நிற்பான். வீட்டில் அவனுடைய அப்பாவும் அம்மாவும் கீழ்த்தளத்தில் ஒரே அறையில் படுத்திருப்பார்கள்.

தோவா இரண்டும் வேண்டாம் என்றாள். படிக்கத்தான் போவேன், அதுவும் ஜப்பானுக்கு என்றாள்.

"வேலைக்குப் போனா முதல் மாசத்துலேர்ந்தே சம்பளமாச்சே," என்றேன்.

"வேலைக்குப் போறவங்க போனபடியேதான் மாமா திரும்பி வர்றாங்க. வயசு மட்டும் ஏறியிருக்கு. நான் வேற ஆளா வரணும்."

"வேற ஆளா வந்தா உன்ன யாருக்கு அடையாளம் தெரியும்?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்கப் போகிறேன் என்று கிளம்பி, பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காமல் தொழிற்சாலைக்குள் நுழைந்தவர்களை எனக்குத் தெரியும். பஸ் ஏறும் முன் என் கொட்டகையில்தான் காத்திருப்பார்கள். பையில் புத்தகம் இருக்காது. முதுகுவலித் தைலம் இருக்கும்.

ஏஜென்சிக்காரன் ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, கூர்மூக்குச் செருப்பு. முதலில் அங்கே மொழிப் பள்ளி, அதை முடித்ததும் மருந்துப் படிப்பு, இடம் இருக்கிறது என்றான். இடம் இருக்கிறது என்று அவன் சொன்னதை இடம் கிடைத்துவிட்டது என்று என் மச்சான் எடுத்துக்கொண்டார். நடுவில் ஊரையே விழுங்கக்கூடிய ஒரு நுழைவுத் தேர்வு இருப்பதை அவன் சொல்லவில்லை. கேட்க இவருக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் வேர். புத்தாண்டுக்கு முன் மச்சானின் தாவ் குலத்தார் எல்லாரும் குலக்கோயிலில் கூடுவார்கள். படிப்பில் உயர்ந்த பிள்ளைகளின் பெயரை முன்னோருக்கு வாசித்துச் சொல்வார்கள். ஒவ்வொரு பெயருக்கும் முரசு. அந்த வருடம் வாசிக்கும் வேலையும் கியெமுக்கே. தன் மகள் பெயர் வந்ததும் குரலை இறக்கி, பிறகு ஏற்றி, "கியெம் மகள் தோவா, ஜப்பான் நாட்டில் மருந்தாளர் படிப்பில் சேர்ந்தாள்!" என்றார். முரசு அதிர்ந்தது. தோவா இன்னும் விமானம்கூட ஏறவில்லை.

விருந்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தாய்மாமனுக்கு அங்கே சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது. இருந்தாலும் பேசினேன்.

"பிள்ளையே பொறக்கல மச்சான். அதுக்குள்ள பேரு வச்சுத் தாலாட்டும் பாடிட்டீங்க."

"வாய அலம்பிட்டுப் பேசு மாப்ள. நல்ல நாளும் அதுவுமா."

"பரீட்சைன்னு ஒண்ணு இருக்காதா? ஜப்பான்காரன் என்ன, வழியில போறவளக் கூப்புட்டு உக்காத்தி வச்சு மருந்து அரைக்கச் சொல்லுவானா?"

"உனக்குக் காத்து நிக்குற டியூப்ல கூட ஓட்டை இருக்கும்."

"இருக்கும். தேடினா இருக்கும்."

அவர் என் கிண்ணத்தில் சாராயத்தை ஊற்றி வாயை அடைத்தார். வெளியே வாசலில் தோவா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாரும் "மருந்தாளரம்மா, என் மூட்டுக்கு என்ன போடலாம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களில் ஒரு நம்பிக்கை. மனிதரிடம் சொன்னதைத் திருத்திச் சொல்லிக்கொள்ளலாம். முன்னோரிடம் முரசடித்துச் சொன்னதை அப்படிச் சட்டென்று திருப்பி வாங்க முடியாது. சொன்னவர் போய்ச் சேரும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் போனாள். பனி கொட்டும் ஏதோ வடக்கத்திய ஊர். வாரம் ஒருமுறை அக்காவின் செல்பேசியில் முகம் காட்டுவாள். முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரே வெள்ளைச் சுவர். ஒரு மாதம் பார்த்தேன், ஆறு மாதம் பார்த்தேன். மேசை தெரியவில்லை, புத்தகம் தெரியவில்லை, கூடப் படிப்பவர் ஒருத்தர் முகமும் தெரியவில்லை.

பக்கத்தில் விலாங்குக் கஞ்சிக் கடை போட்டிருக்கும் மாவ் அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "ஆஸ்பத்திரியா இருக்குமோ?"

"ஜெயிலா இருக்கும்," என்றேன்.

"சீ, உன் வாயில கொதிக்கிற கஞ்சிய ஊத்த."

அடுத்த வாரம் செல்பேசியை நானே பிடுங்கினேன். "ஏய், ஜன்னலத் தொற. வெளியக் காட்டு."

தோவா திறந்து காட்டினாள். வெள்ளை வெளேரென்று பனி.

"பாத்துட்டீங்களா மாமா?"

"பனி எல்லா எடத்துலயுந்தான் பெய்யும்."

"பள்ளிக்கூடத்து மேல மட்டும் பெய்யணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அக்கா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அவள் போன இரண்டாம் வருடம், புத்தாண்டு முடிந்து பீச்சம்பூ உதிர்ந்த சமயம், காலை அறிவிப்பு வாசித்துவிட்டு இறங்கும்போது கியெம் படியிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அன்று மாலை ஒலிபெருக்கியில் வேறு குரல் அவருடைய சாவை வாசித்தது. பெயரைக் கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத குரல்.

தோவாவுக்குச் சொன்னோம். அடக்கம் என்றைக்கு என்று கேட்டாள். பிறகு, "வர முடியாதும்மா," என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "முடியாதும்மா," என்றாள் மறுபடி. அவ்வளவுதான். அடக்கத்துக்கு அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தது. விமானம் இருந்தது. முன்னொரு தடவை எங்கள் தெருவில் வேறொருவன் செத்ததற்குக் கொரியாவிலிருந்து ஆள் வந்து நின்றிருக்கிறான்.

ஊருக்கு இதற்கு அர்த்தம் தெரியும். எனக்கும் தெரியும். முறையான காகிதம் இருப்பவன் அப்பன் சாவுக்கு வருவான். காகிதம் காலாவதியாகி ஒளிந்து வேலை செய்பவன் வரமாட்டான். வந்தால் திரும்பப் போக முடியாது. ஆகவே தோவா படிக்கவில்லை. எங்கேயோ பதுங்கி உழைக்கிறாள். வெள்ளைச் சுவர் அதற்குத்தான். இதை நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததாக எண்ணிக்கொண்டு மாவ் அக்காவிடம் சொன்னேன். கஞ்சி குடிக்க வந்த டிரைவர்கள் மூலம் அது வடக்கே தான்ஹோவா மாகாணம் வரை போயிருக்கும்.

அக்கா மட்டும் யார் கேட்டாலும் ஒரே பதில்: "படிக்கிறா. வர முடியல."

மகளின் தலைத்துண்டை மச்சான் படத்துக்கு முன் மடித்து வைத்தாள். துக்கம் முடியும் வரை செத்தவருக்கு வீட்டில் தனி மேடை; முன்னோர் மேடையில் இன்னும் இடமில்லை. இரண்டு வருடமும் சில மாதமும் கழித்து, துக்கம் கழிக்கும் நாளில் எல்லார் தலைத்துண்டையும் முற்றத்தில் எரிப்பார்கள். அவருடைய ஊதுபத்திக் கிண்ணத்துச் சாம்பலை எடுத்து முன்னோர் கிண்ணத்தில் சேர்ப்பார்கள். அன்றைக்குத்தான் அவர் மேலே போய் மற்றவர்களோடு உட்காருவார்.

அந்த நாளுக்கு வருகிறேன் என்று தோவா சொன்னபோது நான் நம்பவில்லை. பந்தயம் கட்டக்கூடத் தயாராக இருந்தேன்.

முதல்நாள் காலை, லாவோஸ் பக்கத்திலிருந்து அனல்காற்று வீச ஆரம்பித்த நேரம், ஹனோய் பஸ் என் கொட்டகை வாசலில் நின்றது. இறங்கியவள் தோவா. இளைத்திருந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. சந்துக்குள் நடந்தால் வீடு. ஆனால் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, பழைய லாரி டயர் மேல் உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட சாயங்காலந்தான் வருவேன்னு சொல்லியிருக்கேன்," என்றாள்.

அதுவே எனக்குப் போதும். பெற்ற தாயிடம் நேரத்தை மாற்றிச் சொன்னவள் வேறு எதைத்தான் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டாள்? பச்சைத் தேயிலைத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். கிண்ணத்தை வாங்கிய கையைப் பார்த்தேன். விரல் கணுக்களில் வெடிப்பு. கட்டைவிரலில் கத்தித் தழும்பு, அதன் மேல் இன்னொன்று.

"பேனா புடிச்ச கையாடி இது?"

"விடிகாலைல பெட்டிச் சாப்பாட்டுக் கம்பெனில மீன் வெட்டுறேன் மாமா. அப்புறம் வகுப்பு. எல்லாரும் அப்படித்தான். வாரத்துக்கு இத்தன மணி நேரந்தான் வேலை பாக்கலாம்னு சட்டம் இருக்கு, அதுக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் கண்டுபுடிச்சுருவாங்க."

"பாஸ்போர்ட்ட எடு."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசாமல் எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஒரு அட்டை, அதில் அவள் படம், வெட்டுக்கிளி கால் மாதிரி எழுத்துகள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

"இதெல்லாம் அச்சடிக்க எவ்வளவு நேரமாவும்?"

"திரும்பிப் போற டிக்கெட்டும் இருக்கு. அதையும் வெயில்ல புடிச்சுப் பாருங்க." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள், "அங்க கடைக்குள்ள நுழைஞ்சா போதும் மாமா, காவல்காரன் பின்னாலயே வருவான். உப்பு எடுத்தா உப்புப் பக்கம், சோப்பு எடுத்தா சோப்புப் பக்கம். நம்ம மொழியிலயே பலகை எழுதி வச்சிருக்கான், திருடாதேன்னு. ஒருதடவ கணக்குக்கு நல்ல மார்க் வாங்கினேன்னு வாத்தியார் தனியா உக்கார வச்சு மறுபடி எழுதச் சொன்னார். வாடகைக்கு வீடு கேட்டா, எந்த நாடுன்னு கேட்டுட்டு வீடு இல்லம்பாங்க. சரி, ஊருக்குப் போனா ஒருத்தரும் பின்னால வரமாட்டாங்கன்னு நெனச்சேன். இங்க நீங்க நிக்கிறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. காகிதம் சரியாக இருக்கிறதென்றால் சந்தேகம் தீர வேண்டும். எனக்கு இன்னும் கூடியது. வர முடிந்தவள் அன்றைக்கு ஏன் வரவில்லை? கல்யாணமா? வயிற்றில் ஏதாவது வைத்திருந்தாளா? கேட்டே விட்டேன். அவள் டயர் மேலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் வெறிச்சென்று ஆகிவிட்டது.

நானும் விடுவேனா. முழங்கால் வலிக்கு நான் விழுங்கும் மாத்திரைப் பட்டையை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து அவள் முன் போட்டேன்.

"மருந்தாளரம்மா, இது எதுக்கு? சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

எடுத்துப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். கீழே வைத்தாள்.

"தெரியாது மாமா."

"தெரியாதா?"

"நான் மருந்துப் படிப்பு படிக்கல. அதுல எனக்கு எடமே கெடைக்கல."

நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

பிறகு அவளாகவே சொன்னாள். முதல் வருடம் தேர்வு எழுதித் தோற்றாள். மொழி வரவில்லை, கேள்வி புரிந்ததும் நேரம் முடிந்துவிட்டது. அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள், குலத்தார் ஒவ்வொருவராக விசாரிக்கிறார்கள், மருந்தாளர் எப்படி இருக்கிறாள் என்கிறார்கள் என்று சந்தோஷமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். இவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வருடம் ஜெயித்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும், யாருக்கும் தெரியவேண்டாம் என்று நினைத்தாள். மொழிப் பள்ளியில் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்க முடியாது. அடுத்த தேர்வுதான் கடைசி.

"அந்தத் தேர்வு எப்போ?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க அப்பாவப் பொதைச்ச அன்னிக்கு."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"டிக்கெட் பாத்துட்டேன் மாமா. பையக் கட்டிட்டேன். ரயில் ஸ்டேஷன் வரைக்கும் போய் உக்காந்துட்டேன். நான் வந்தா அப்பா முன்னோர்கிட்ட சொன்னது பொய்யாப் போயிரும். அவர் அங்க போய் நிப்பாரு, எல்லாரும் கேப்பாங்க, எங்கய்யா உன் மருந்தாளர்னு. அவருக்காகத்தான் எழுதப் போனேன். நம்புறீங்களா?"

நான் அவள் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

"கண்ணீர்கூட வரல. நல்லாத்தான் எழுதினேன்னு நெனச்சேன். அதுலயும் தோத்தேன்."

டயர் ஓரத்து ரப்பரை நகத்தால் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "நான் ஒளிஞ்சு வேல பாக்குறேன்னு நீங்க ஊரெல்லாம் சொன்னது எனக்குத் தெரியும். சொல்லட்டும்னு விட்டுட்டேன். அப்பன் அடக்கத்த விட்டுட்டுப் பரீட்சை எழுதினேன், அதுலயும் தோத்தேன்னு அம்மாவுக்குத் தெரியறதவிட அது தேவல."

அதன் பிறகு எங்கேயும் கதவு திறக்கவில்லை. கடைசியில், கடைசி நேரம் வரை ஆள் சேர்க்கும் சின்னப் பல்கலைக்கழகம் ஒன்றில், உணவு கெடாமல் காக்கும் படிப்பில் இடம் கிடைத்தது. இப்போது மூன்றாம் வருடம். ஒரு பெட்டிச் சாப்பாடு எத்தனை நேரம் தாங்கும், எதனால் கெடும் என்று பார்ப்பதுதான் படிப்பு.

"இதுக்கு ஜப்பானா? மாவ் அக்கா மோந்து பாத்தே சொல்லிடுவாளே."

"மோந்து பாத்தா தெரியாததுதான் மாமா ஆளக் கொல்லும்."

"அது சரி." மூங்கில் குழாயில் புகையிலை அடைத்தேன். "புடிச்சிருக்கா அந்தப் படிப்பு?"

"புடிச்சிருக்கு. ரொம்ப. அதுதான் தப்பு பண்ணின மாதிரி இருக்கு."

அப்போதுதான் எதற்காக முதலில் என்னிடம் வந்தாள் என்று சொன்னாள். நாளைக்கு அப்பா தனி மேடையை விட்டு முன்னோரோடு சேரப் போகிறார். அதற்கு முன்னால் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சாம்பல் கலந்துவிட்டால் அப்புறம் அவர் அத்தனை பேர் நடுவில் பொய்யோடு உட்கார்ந்திருப்பார். தான் சொன்னால் நாக்கு எழாது. நான் சொல்ல வேண்டும்.

"என்ன ஏன் இழுக்குற? குலத்துப் பெரியவங்க இருக்காங்க. நான் பொண்ணு குடுத்த வீட்டு ஆளு."

"நான் சொன்னா அப்பா வெளையாடறேன்னு சிரிப்பாரு. பெரியவங்க சொன்னா மரியாதைக்குக் கேட்டுக்குவாரு. அன்னிக்கு விருந்துலயே நம்பாத ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்க சொன்னாத்தான் நம்புவாரு."

பாக்கித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, "போ, வீட்டுக்குப் போ, அம்மா கோழி வாங்கி வச்சிருக்கா," என்றேன். செய்கிறேன் என்று சொல்லவில்லை. பஞ்சரான லாரி ஒன்று வந்து நின்றது. அன்று முழுவதும் சக்கரம் சக்கரமாகக் கழற்றினேன். அவள் சொன்னதில் எங்காவது ஓட்டை இருக்குமா என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வரை தேடினேன். கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா வீடு நிறைந்திருந்தது. வேகவைத்த கோழி, பசை அரிசிச் சோறு, சாராயம், வெற்றிலை பாக்கு. குலத்துத் தலைவர் லுவோங் பெரியவர் கறுப்பு அங்கி போட்டு வந்தார். தோவாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வந்துட்டாளா நம்ம மருந்தாளர்! கியெம் இன்னிக்கு மேல போறப்ப நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போவான்," என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அக்கா மகளின் முதுகைத் தடவினாள். மாவ் அக்கா என்னை முறைத்தாள்: பார்த்தாயா, ஜெயில் என்றாயே.

தலைத்துண்டுகளை ஒரு தட்டில் அடுக்கினார்கள். மகளின் துண்டுதான் மேலே இருந்தது. ஒரு நாளும் யார் தலையும் தொடாத துணி, புதுசு மாதிரியே. லுவோங் பெரியவர் மந்திரம் சொல்லி முடித்தார். மச்சானின் ஊதுபத்திக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினார். தோவா என்னைப் பார்த்தாள்.

"நில்லுங்க பெரியவரே," என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. "என்ன?" என்றார் அவர். "தாய்வழி ஆளுக்கு இங்க என்ன பேச்சு?"

"மச்சான்கிட்ட ஒண்ணு சொல்லணும். மேல போறதுக்கு முன்னாடி."

"சாராயம் ஏறிடுச்சா காலைலயே?"

"பேசட்டும்," என்றாள் அக்கா. கோழித் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். "அவன் வாயில நல்லது வராது, பொய்யும் வராது."

மூன்று ஊதுபத்தி ஏற்றினேன். என் கை கிரீஸ் கறை போகாத கை. படத்தில் மச்சான் மைக்குக்கு முன்னால் நிற்பது போலவே நின்றார்.

"மச்சான், பாங் பேசுறேன். உங்க மக மருந்துப் படிப்பு படிக்கல. எடம் கெடைக்கல. சோறு கெட்டுப் போகாம வைக்கிற படிப்பு படிக்கிறா. நல்லாப் படிக்கிறா. காகிதமெல்லாம் சரியா இருக்கு, நானே பாத்தேன். நீங்க முன்னோர்கிட்ட சொன்னத மாத்திச் சொல்லிக்குங்க. இதுக்காக அவளத் திட்டாதீங்க. திட்டுறதா இருந்தா அந்தக் கூர்மூக்குச் செருப்புக்காரனத் திட்டுங்க."

யாரோ ஒரு கிழவர், "மருந்தாளர் இல்லையா?" என்றார் மெதுவாக. தோவா மண்டியிட்டிருந்தாள். அக்கா அசையவில்லை. கோழித் தட்டு மட்டும் லேசாகச் சாய்ந்தது.

லுவோங் பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கோபத்தில் தாடி ஆடியது. "முரசடிச்சுச் சொன்னத நீ ஊதுபத்தி ஏத்தி மாத்திடுவியா? கியெம் ஒத்துக்கிட்டாத்தான் ஆச்சு. கேளு, அவன்கிட்டயே கேளு."

தட்டையும் இரண்டு செப்புக் காசையும் என் முன் தள்ளினார். ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி, மறுபக்கம் கறுத்துப்போன காசுகள். ஒன்று வெள்ளையும் ஒன்று கறுப்புமாக விழுந்தால் செத்தவர் ஒத்துக்கொண்டார். இரண்டும் ஒரே நிறமாக விழுந்தால் இல்லை. எனக்கு இந்தக் காசில் எப்போதும் நம்பிக்கை இருந்ததில்லை. தூக்கிப் போட்டது எங்கேயாவது விழத்தானே செய்யும். ஆனாலும் அன்றைக்குக் காசை இரண்டு கையாலும் மூடிக் குலுக்கினேன்.

போட்டேன். இரண்டும் கறுப்பு.

"பாத்தியா!" என்றார் பெரியவர்.

"இன்னொருதடவ," என்று யாரோ சொன்னார்கள். போட்டேன். காசு ஒன்று தட்டு விளிம்பில் நின்று சுழன்று சாய்ந்தது. மறுபடி இரண்டும் கறுப்பு.

மூன்றாவதுதான் கடைசி. அதற்கு மேல் கேட்கக் கூடாது. லுவோங் பெரியவர் கையை நீட்டினார், காசை இங்கே கொடு என்பது போல. நான் கொடுக்கவில்லை. கொடுக்காமல் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

மண்டியிட்டபடியே தோவா என் பக்கம் நகர்ந்து வந்தாள். என் கையில் இருந்த காசுகளின் மேல் தன் வெடித்த விரல்களை வைத்து மூடினாள். அம்மா எங்கே நிற்கிறாள் என்று ஒருதடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பாதிதான் சொன்னீங்க மாமா. அதான் அப்பா ஒத்துக்கல. அடக்கத்தன்னிக்கு நான் எங்க இருந்தேன்னும் சொல்லிட்டுப் போடுங்க."